பழைய காப்பு நகல்களின் சுருக்க அமைப்பைச் சரிபார்த்தல்: புதிதாகப் பொறுப்பேற்போருக்கு ஒரு வழிகாட்டி

சிங்கப்பூரில் ஒரு தமிழ் அமைப்பின் செயலாளர் பொறுப்போ, தேக்காவில் உள்ள ஒரு சிறு வணிகத்தின் கணக்கு வேலையோ புதிதாகக் கைக்கு வரும்போது, சாவிக்கொத்தோடும் ரசீதுப் பெட்டிகளோடும் ஒரு கையடக்க ஹார்ட் டிஸ்க்கும் கூடவே வந்து சேரும். அதைத் திறந்தால் ‘2014 முழு பேக்கப்’, ‘கணக்கு கடைசி’, ‘கணக்கு கடைசி புதியது’ என்பதுபோன்ற பெயர்களில் சுருக்கப்பட்ட கோப்புகள் வரிசையாக நிற்கும். அவற்றைச் சுருக்கியவர் இப்போது பொறுப்பில் இருக்கமாட்டார். எந்த நிரலைக் கொண்டு, எந்த அமைப்பில் சுருக்கினார் என்ற குறிப்பும் பெரும்பாலும் இருக்காது. அந்தக் கோப்புகளை இன்று, அவசரம் ஏதும் இல்லாதபோதே, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அவற்றின் சுருக்க அமைப்பைக் குறித்துவைப்பது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கணினித் துறையில் பயிற்சி பெறாத தொண்டூழியர்களையும் அலுவலக ஊழியர்களையும் மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

இந்த வேலையை ஏன் வலியுறுத்துகிறேன் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நான் தொண்டூழியராக இருந்த ஓர் அமைப்பில், ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்கு முந்திய இரவு பழைய உறுப்பினர் பட்டியல் தேவைப்பட்டது. பட்டியல் செவன்-ஜிப் என்ற சுருக்க நிரலின் கோப்பு ஒன்றுக்குள் இருந்தது. கடவுச்சொல்லும் கையில் இருந்தது. ஆனால் அலுவலகத்தில் இருந்த பழைய மடிக்கணினி ‘நினைவகம் போதவில்லை’ என்று மறுத்தது. 512 மெகாபைட் நினைவகம் கொண்ட வலையச் சேமிப்புப் பெட்டியும் (பல கணினிகள் வலையமைப்பு வழியே கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) அதைத் திறக்க முடியாமல் நின்றுவிட்டது. கோப்பு கெட்டுவிட்டது என்றே எல்லாரும் முடிவு செய்தோம். மறுநாள் உறுப்பினர் ஒருவருடைய வீட்டுக் கணினியில் அதே கோப்பு எவ்விதச் சிக்கலும் இன்றித் திறந்தது. சுருக்கியவர் தமது வலுவான கணினியில் அகராதி அளவை (அது என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்) 1 ஜிகாபைட் என வைத்திருந்தார். அந்த அளவு நினைவகத்தைத் திறக்கும் கணினியும் ஒதுக்கித் தரவேண்டும் என்பது அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

எதைத் தேடுகிறோம்

புதியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, ‘இது எந்த நிலையில் சுருக்கப்பட்டது, ஐந்திலா ஒன்பதிலா?’ என்பது. பெரும்பாலான கோப்பு வடிவங்களில் இந்தக் கேள்விக்குக் கோப்பிலிருந்து நேரடியான விடை கிடைக்காது. சுருக்க நிலை என்பது சுருக்கும் நேரத்தில் நிரல் எவ்வளவு பாடுபட்டுத் தேடவேண்டும் என்று இட்ட கட்டளை. வேலை முடிந்ததும் அந்தக் கட்டளைக்குத் தேவை இல்லாமல் போவதால், பல வடிவங்கள் அதைப் பதிவு செய்வதே இல்லை. கோப்பில் பதிவாவது, அதைத் திரும்ப விரிப்பவருக்குத் தேவையான செய்திகள் மட்டுமே: எந்தச் சுருக்க முறை, எவ்வளவு பெரிய அகராதி, மறையாக்கம் உண்டா, கோப்புகள் தனித்தனியாகச் சுருக்கப்பட்டனவா அல்லது ஒரே தொடராகவா, சரிபார்ப்பு எண் எது என்பன. இங்கே அகராதி என்பது, ஏற்கெனவே கடந்துவந்த தரவில் எவ்வளவு தூரம் பின்னோக்கிப் பார்த்து ‘இது முன்பே வந்ததுதான்’ என்று நிரல் சுட்டிக்காட்டலாம் என்பதன் எல்லை. எல்லை பெரிதானால் கோப்பு சிறிதாகலாம்; ஆனால் அந்த எல்லை முழுவதையும் விரிப்பவருடைய கணினி நினைவில் ஏந்தியிருக்கவேண்டும்.

ஆகவே நீங்கள் சரிபார்க்கும்போது, சுருக்கியவர் எவ்வளவு முயன்றார் என்பதைவிட, திறக்கப்போகிறவருக்கு என்ன வேண்டும் என்பதையே தேடுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு நோக்கத்தைச் சுற்றியே அமைந்துள்ளன.

தொடங்குவதற்கு முன்

மூலக் கோப்பின்மேல் நேரடியாக வேலை செய்யாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து உங்கள் கணினிக்கு ஒரு நகல் எடுத்து, அந்த நகலைக் கொண்டே சரிபாருங்கள். நகல் எடுத்தவுடன், மூலத்திற்கும் நகலுக்கும் ஷா-256 எண்ணை (கோப்பின் உள்ளடக்கத்துக்கு விரல்ரேகை போன்ற எண்) கணக்கிட்டு இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். செவன்-ஜிப் நிறுவிய விண்டோஸ் கணினியில் கோப்பின்மீது வலப்பக்கம் சொடுக்கினால் வரும் பட்டியலிலேயே இதற்கான வசதி உண்டு. மேக் கணினியிலும் லினக்ஸிலும் முனையத்தில் (கட்டளைகளை எழுத்தில் இடும் திரை) ஒரு கட்டளை போதும். இந்த எண்ணைக் குறித்துவையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுருக்கப்பட்ட கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்து, உள்ளே இருக்கும் எக்செல் தாளை அங்கேயே திருத்திச் சேமிப்பது பலருடைய பழக்கம். அப்போது நிரல் முழுக் கோப்பையும் திரும்ப எழுதக்கூடும்; பழைய அமைப்பின் தடயம் அத்துடன் மறைந்துவிடும். பட்டியலைப் பார்ப்பதும் சோதிப்பதும் கோப்பை மாற்றாது. சேர்ப்பது, நீக்குவது, புதுப்பிப்பது ஆகிய மூன்றும் மாற்றும். அந்த மூன்றையும் இந்த வேலை முடியும்வரை தொடாமல் இருங்கள்.

பெயரின் வாலை நம்பாதீர்கள்

கோப்புப் பெயரின் இறுதியில் புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகள் யார் வேண்டுமானாலும் மாற்றி எழுதக்கூடியவை. மின்னஞ்சலில் அனுப்ப முடியவில்லை என்பதற்காகப் பெயரை மாற்றி அனுப்பி, பிறகு அப்படியே காப்பகத்தில் போட்டுவிட்ட கோப்புகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உண்மையான வடிவம் கோப்பின் முதல் சில பைட்டுகளில் இருக்கிறது. பதினாறடிமான எண்முறையில் பார்த்தால், ஜிப் கோப்பு 50 4பி என்று தொடங்கும். இவை ‘பி’, ‘கே’ என்னும் எழுத்துகள், அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரின் முதலெழுத்துகள். செவன்-ஜிப் கோப்பு 37 7ஏ பிசி ஏஎஃப் என்றும், ரார் 52 61 72 21 என்றும், ஜீஜிப் 1எஃப் 8பி என்றும், பிஜிப்2 42 5ஏ 68 என்றும், எக்ஸ்இசட் எஃப்டி 37 7ஏ என்றும், இசட்ஸ்டாண்டர்டு 28 பி5 2எஃப் எஃப்டி என்றும் தொடங்கும்.

எண்களைப் பார்த்துப் பழக்கம் இல்லாதவர்கள் கவலைப்படவேண்டாம். லினக்ஸிலும் மேக்கிலும் ‘ஃபைல்’ என்ற கட்டளைக்குப் பின் கோப்பின் பெயரை எழுதினால் அதுவே வடிவத்தைச் சொல்லிவிடும். செவன்-ஜிப் நிரலும் பெயரின் வாலைமட்டும் நம்பாமல் இந்த அடையாளத்தைப் பார்த்தே திறக்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: வேர்டின் புதிய வடிவ ஆவணமும் எக்செல் தாளும் உள்ளுக்குள் ஜிப் கோப்புகளே. எனவே ‘பிகே’ என்று தொடங்குவதெல்லாம் காப்பு நகல் என்று எண்ணிவிடக்கூடாது.

கோப்பைத் திறக்கவே முடியவில்லை, ‘இது காப்பகக் கோப்பு அன்று’ என்ற செய்தி வருகிறது என்றால், அது பாதியில் நின்றுபோன நகலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஜிப் வடிவமும் செவன்-ஜிப் வடிவமும் தம் உள்ளடக்கப் பட்டியலைக் கோப்பின் கடைசியில் வைக்கின்றன. நகல் எடுக்கும்போது கம்பி கழன்றிருந்தால் தொடக்கம் நன்றாக இருந்தும் பட்டியல் இராது. முதல் பைட்டுகள் சரியாக இருந்து பட்டியல் மட்டும் வரவில்லை என்றால், வேறு டிஸ்க்கில் இதே பெயரில் இதைவிடப் பெரிய நகல் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

செவன்-ஜிப்பில் முறையைப் படித்தல்

செவன்-ஜிப் விலையில்லா நிரல். இகோர் பாவ்லோவ் 1999இல் வெளியிட்டு இன்றளவும் பேணிவருவது. அதன் கோப்பு மேலாளரில் காப்பகக் கோப்பைத் திறந்து, உள்ளே உள்ள ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து, மேல்வரிசையின் கடைசியில் உள்ள மஞ்சள் நிறத் தகவல் பொத்தானைச் சொடுக்குங்கள். வரும் பெட்டியில் ‘மெத்தட்’ என்ற வரி, ‘சாலிட்’ என்ற வரி, ‘பிளாக்ஸ்’ என்ற வரி, அளவு, சுருக்கிய அளவு ஆகியவை இருக்கும். முனையத்தில் வேலை செய்வோர், செவன்-ஜிப் கட்டளைக்குப் பின் ‘எல்’ என்ற எழுத்தையும், இடைவெளி விட்டுக் கழித்தல் குறியுடன் ‘எஸ்எல்டி’ (slt) என்ற மூன்றெழுத்தையும், அதன்பின் கோப்பின் பெயரையும் தந்தால் இதே விவரங்கள் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே வரும்.

‘மெத்தட்’ வரியே இந்த வேலையின் மையம் என்பதால் இதில் சற்று நின்று போவோம். செவன்-ஜிப் வடிவத்தில் பெரும்பாலும் ‘எல்இசட்எம்ஏ2’ என்றும், அதன்பின் முக்காற்புள்ளி இட்டு ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் சுருக்க நிலை இல்லை. அகராதியின் அளவு இரண்டின் எத்தனையாவது அடுக்கு என்பதே அது. 24 என்றால் 16 மெகாபைட், 25 என்றால் 32, 26 என்றால் 64, 27 என்றால் 128, 30 என்றால் 1 ஜிகாபைட். எண்ணுக்குப் பின் ‘எம்’ என்ற எழுத்து வந்தால் அது நேரடியாக மெகாபைட் கணக்கு. விரிக்கும்போது தேவைப்படும் நினைவகம் அகராதியின் அளவைவிடச் சிறிதளவே கூடுதலாக இருக்கும். சுருக்கும்போதோ ஏறக்குறைய பத்து மடங்கு வேண்டும். அதனால்தான் சுருக்க முடிந்த கணினியில் விரிப்பது எப்போதும் எளிதாகத் தோன்றுகிறது, சிக்கல் அடுத்தவருடைய கணினியிலேயே வெளிப்படுகிறது. நான் மேலே சொன்ன கோப்பில் அந்த எண் 30. இப்போது 26க்கு மேற்பட்ட எண்ணைக் காணும் இடமெல்லாம் சிவப்பு மையில் குறித்துவைக்கிறேன். அது தவறு என்பதற்காக இல்லை, எந்தக் கணினியில் திறக்கும் என்பதைக் கையோடு எழுதிவைக்கவேண்டும் என்பதற்காக.

‘பிபிஎம்டி’ என்று இருந்தால் அது எழுத்துநடை ஆவணங்களை நன்றாகச் சுருக்கும் வேறொரு முறை. அதில் சுருக்கும்போது எவ்வளவு நினைவகம் செலவானதோ அவ்வளவு விரிக்கும்போதும் செலவாகும். ‘காப்பி’ என்று இருந்தால் சுருக்கமே நடைபெறவில்லை, கோப்புகள் அப்படியே அடுக்கப்பட்டுள்ளன. ‘7இசட்ஏஇஎஸ்’ என்றும் அந்த வரியில் வந்தால் கடவுச்சொல்லோடு மறையாக்கம் செய்யப்பட்டுள்ளது. கோப்பைத் திறக்கும்போதே, பெயர்ப் பட்டியல் தோன்றுவதற்கு முன்பே கடவுச்சொல் கேட்டால், பெயர்களும் மறைக்கப்பட்டுள்ளன என்று பொருள். கடவுச்சொல் தெரியாத கோப்பை ‘சரி’ என்று எழுதாதீர்கள். அதைத் தனிப்பட்டியலில் போட்டு, முந்தைய பொறுப்பாளர் இன்னும் தொடர்பில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

‘சாலிட்’ வரியில் கூட்டல் குறி இருந்தால், பல கோப்புகளை ஒரே தொடராகக் கோத்துச் சுருக்கியிருக்கிறார்கள். ஒன்றையொன்று ஒத்த கோப்புகள் பல இருந்தால் இதனால் நல்ல மிச்சம் கிடைக்கும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. தொடரின் நடுவே உள்ள ஒரு புகைப்படத்தை எடுக்கவும் தொடரின் தொடக்கத்திலிருந்து விரித்துக்கொண்டே வரவேண்டும். ஓரிடத்தில் டிஸ்க் பழுதானால், அந்தத் தொடரில் அதற்குப் பிறகு உள்ளவை எல்லாம் கைவிட்டுப் போகலாம். ‘பிளாக்ஸ்’ வரியில் உள்ள எண், கோப்புகள் எத்தனை தொடர்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன என்பதைக் காட்டும். பத்தாண்டுப் பொங்கல் விழாப் படங்கள் முழுவதும் ஒரே தொடரில் இருந்தால், என் கருத்தில் அது காப்பு நகலுக்கு ஏற்ற அமைப்பு இல்லை.

ஜிப் வடிவத்தில் கதை சற்று வேறு. அதில் ஒவ்வொரு கோப்பும் தனியாகவே சுருக்கப்படுவதால், ஒன்று கெட்டாலும் மற்றவை தப்பும். நீண்ட காலம் வைத்திருக்கவேண்டிய சாதாரண ஆவணங்களுக்கு நான் இன்னும் ஜிப்பையே விரும்புவதற்கு இதுவே முதற்காரணம். ‘மெத்தட்’ வரியில் ‘ஸ்டோர்’ என்றால் சுருக்கம் இல்லை, ‘டிஃப்ளேட்’ என்றால் எங்கும் திறக்கக்கூடிய வழக்கமான முறை. ‘டிஃப்ளேட்64’ என்று கண்டால் கவனியுங்கள்: மிகப் பெரிய கோப்புகளை விண்டோஸின் உள்ளமைந்த வசதியைக் கொண்டு சுருக்கும்போது இந்த முறை வருவது உண்டு, இதைத் திறக்கத் தெரியாத நிரல்கள் பல உள்ளன. சுருக்க நிலையைப் பற்றி ஓரளவேனும் சொல்லும் வடிவங்களில் ஜிப்பும் ஒன்று. டிஃப்ளேட் முறைக்கு ‘சாதாரணம், உச்சம், விரைவு, மிக விரைவு’ என நான்கில் ஒன்றைக் குறிக்க இரண்டு பிட்டுகள் ஒதுக்கப்பட்டுள்ளன. ஆயினும் அது சுருக்கிய நிரல் தன்னைப் பற்றித் தானே எழுதிய குறிப்பு. விரிப்பதற்கு அது தேவையும் இல்லை.

ஜிப்பில் கடவுச்சொல் உள்ள கோப்பு என்றால் ‘மெத்தட்’ வரியில் ‘ஏஇஎஸ்-256’ என்று இருக்கிறதா, ‘ஜிப்கிரிப்டோ’ என்று இருக்கிறதா என்பதை அவசியம் பாருங்கள். பின்னது பழைய முறை. கோப்பின் ஒரு பகுதி உள்ளடக்கம் தெரிந்திருந்தால் அதை உடைக்கலாம் என்று எலி பிஹாமும் பால் கோச்சரும் 1994இலேயே காட்டிவிட்டார்கள். உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்களும் தொலைபேசி எண்களும் உள்ள பட்டியல் அப்படிப்பட்ட கோப்பில் இருந்தால் அதை வலுவான முறைக்கு மாற்றுவது உங்கள் கடமை. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தன்னிடம் உள்ள தனிநபர் தகவலுக்குத் தகுந்த பாதுகாப்பு அளிக்கும்படியும், தேவை முடிந்தபின் அதை வைத்திராதபடியும் அமைப்புகளுக்குப் பொறுப்பு விதிக்கிறது. ஜிப் வடிவத்தில் கடவுச்சொல் இட்டாலும் கோப்புப் பெயர்கள் பொதுவாக வெளியே தெரியும் என்பதையும் மறக்கவேண்டாம்; பெயரிலேயே ஒருவருடைய விவரம் இருந்தால் மறையாக்கம் அதைக் காக்காது.

இறுதியாக, அளவையும் சுருக்கிய அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஜேபெக் படங்களும் காணொளிகளும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. அவற்றில் நூற்றுக்கு ஒன்றிரண்டு மிச்சமானாலே அதிகம். வருடி எடுத்த பிடிஎஃப்களும் அப்படித்தான். தமிழ் எழுத்துநடைக் கோப்புகளோ மிக நன்றாகச் சுருங்கும். யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுக்கும். ‘தமிழ்’ என்ற சொல்லில் மெய்ப்புள்ளியையும் இகரக் குறியையும் சேர்த்து ஐந்து குறிகள், ஆகப் 15 பைட். அந்த மூன்றில் முதல் இரண்டு பைட்டுகளும் எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் இரண்டே இணைகளில் அடங்கிவிடுவதால், சுருக்கும் நிரலுக்குத் திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. எனவே கூட்டக் குறிப்புகள் மட்டும் உள்ளதாகச் சொல்லப்படும் ஒரு கோப்பு சற்றும் சுருங்காமல் இருந்தால், உள்ளே இருப்பது எழுத்துநடையா, வருடிய படமா, ‘ஸ்டோர்’ முறையில் போடப்பட்டதா என்று விசாரியுங்கள்.

லினக்ஸ் வழிக் கோப்புகள்

இணையத்தளச் சேவையகத்திலிருந்தோ வலையச் சேமிப்புப் பெட்டியிலிருந்தோ வந்த காப்பு நகல்கள் பெரும்பாலும் டார் கோப்பாகக் கட்டப்பட்டு, பிறகு வேறொரு நிரலால் சுருக்கப்பட்டிருக்கும். டார் கட்டுவதை மட்டும் செய்கிறது. சுருக்கத்தின் விவரம் வெளி உறையில் இருக்கிறது.

ஜீஜிப் உறையில் ஒன்பதாவது பைட்டைப் பாருங்கள். அதில் 2 என்று இருந்தால் உச்சச் சுருக்கம், 4 என்று இருந்தால் அதிவிரைவு. இடைப்பட்ட நிலைகளுக்குப் பொதுவாக 0 இருக்கும். ‘ஃபைல்’ கட்டளை இதைச் சொல்லிலேயே காட்டும். ஜீஜிப்பில் ஏமாறக்கூடிய இடம் வேறு: விரித்தபின் வரும் அளவை அது 4 பைட்டில் மட்டுமே எழுதிவைப்பதால், 4 ஜிகாபைட்டைத் தாண்டிய கோப்புகளுக்கு அந்த எண் பொய்யாகிவிடும். 6 ஜிகாபைட் தரவுத்தளம் 2 ஜிகாபைட் என்று காட்டப்படும். 2022இல் வந்த 1.12 பதிப்பிலிருந்து, ஜீஜிப்பின் பட்டியல் கட்டளை கோப்பை உண்மையாகவே விரித்து எண்ணிச் சொல்கிறது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் அந்த எண்ணை நம்பி டிஸ்க்கில் இடம் ஒதுக்கவேண்டாம்.

பிஜிப்2 மிக வெளிப்படையானது. அதன் நான்காவது பைட் 1 முதல் 9 வரையிலான ஓர் எண்ணெழுத்து. 9 என்றால் 900 கிலோபைட் தொகுதிகளாகச் சுருக்கப்பட்டது. கட்டளை தரும்போது இட்ட எண்ணே அது.

எக்ஸ்இசட் கோப்புக்கு அதன் பட்டியல் கட்டளையோடு ‘வி’ என்ற எழுத்தை இருமுறை சேர்த்தால் அகராதி அளவும், விரிக்கத் தேவையான நினைவகமும் வரும். அகராதி 8 மெகாபைட் என்றால் அது பெரும்பாலும் இயல்பு நிலையான ஆறு. 64 மெகாபைட் என்றால் ஒன்பது. இந்த நிரலின் 5.6.0, 5.6.1 ஆகிய இரு பதிப்புகளில் யாரோ கள்ளத்தனமாக ஒரு பின்வாசலை நுழைத்திருந்தது 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்டது. அது தொலைவிலிருந்து சேவையகத்திற்குள் நுழைவதைக் குறிவைத்தது, உங்கள் பழைய கோப்புகளைத் தொடவில்லை. எனினும் அந்தப் பதிப்புகள் எந்தக் கணினியிலாவது இருந்தால் நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுங்கள்.

இசட்ஸ்டாண்டர்டு 2016இல் ஃபேஸ்புக் வெளியிட்டது. விரிக்கும் வேகத்திற்காகப் பலரும் இதற்கு மாறிவருகிறார்கள். இதன் நிலைகள் வழக்கமாக 1 முதல் 19 வரை, சிறப்பு அனுமதியுடன் 22 வரை; சொல்லாமல் விட்டால் 3. நிலையின் எண் கோப்பில் இராது, சாளர அளவு (மேலே சொன்ன அகராதி அளவைப் போன்றது) இருக்கும். அந்தச் சாளரம் 128 மெகாபைட்டைத் தாண்டினால், விரிக்கும்போது அதற்கு அனுமதி தரும் கூடுதல் கட்டளைச் சொல் இல்லாமல் நிரல் மறுத்துவிடும். அந்தச் சொல்லைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதிவைக்கவேண்டும். திறக்கவேண்டிய நாளில் தேடிக்கொண்டிருக்க நேரம் இராது.

தமிழில் பெயரிட்ட கோப்புகள்

நம்மவர்களின் காப்பகங்களுக்கே உரிய சிக்கல் இது. ஜிப் வடிவத்தில் கோப்புப் பெயர் யுடிஎஃப்-8 முறையில் எழுதப்பட்டது என்று அறிவிக்கும் அடையாள பிட் 2006இல்தான் வரையறைக்குள் வந்தது. அதற்கு முன் தமிழ்ப் பெயர்களுக்கு ஜிப்பில் முறையான இடமே இல்லை. பழைய கோப்புகளில் பெயர்கள் கேள்விக்குறிகளாகவோ புரியாத குறிகளாகவோ தெரிந்தால் உள்ளடக்கம் கெட்டுவிட்டது என்று பொருள் இல்லை. பெயரை மட்டும் இழந்திருக்கிறோம். ஒன்றிரண்டை விரித்துத் திறந்து பாருங்கள். சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 கருத்தரங்கு நடந்த 1997ஐ ஒட்டிய காலத்து ஆவணங்களில் உள்ளே இருக்கும் எழுத்தும் அந்தக்காலத் தனி எழுத்துருக் குறியாக்கத்திலேயே இருக்கும். அது சுருக்கத்தின் குறை இல்லை, பழைய எழுத்துருவையோ குறியாக்க மாற்றியையோ கொண்டு தனியாகத் தீர்க்கவேண்டியது.

மற்றொன்று பெயரின் நீளம். விண்டோஸில் ஒரு கோப்புப் பெயர் 255 குறிகள் வரை போகலாம். லினக்ஸில் வழக்கமான எல்லை 255 பைட். தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட் என்பதால் 85 குறிகளிலேயே எல்லை முடிந்துவிடும். விழாவின் பெயர், இடம், சிறப்பு விருந்தினர் பெயர், தேதி எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே எழுதும் நல்ல பழக்கம் உள்ளவர்கள் நம்மில் உண்டு. அப்படிப்பட்ட கோப்புகள் விண்டோஸில் நன்றாக விரிந்து, வலையச் சேமிப்புப் பெட்டியில் மட்டும் விரியாமல் போகும். காப்பகத்தின் பட்டியலை ஒருமுறை கண்ணால் ஓட்டி, மிக நீண்ட பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சோதித்துப் பார்த்தல்

அமைப்பைப் படித்தது போதாது. உள்ளடக்கம் முழுவதும் விரிகிறதா என்று சோதிக்கவேண்டும். செவன்-ஜிப்பின் மேல்வரிசையில் மூன்றாவதாக உள்ள ‘டெஸ்ட்’ பொத்தான் இதற்கானது. மேலே சொன்ன மற்ற நிரல்களிலும் கழித்தல் குறியுடன் ‘டெஸ்ட்’ என்பதன் முதலெழுத்தான ‘டி’ (t) என்ற சிறிய எழுத்து இதே வேலையைச் செய்யும். சோதனை, கோப்பை நினைவகத்துக்குள்ளேயே விரித்து, உடன் எழுதப்பட்ட சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுகிறது. டிஸ்க்கில் எதையும் எழுதாததால் இடம் இல்லை என்ற கவலை வேண்டாம். ஜிப், ஜீஜிப், செவன்-ஜிப் ஆகியவை சிஆர்சி-32 எண்ணையும், எக்ஸ்இசட் இயல்பாகச் சிஆர்சி-64 எண்ணையும் பயன்படுத்துகின்றன.

இந்தச் சோதனையை உங்களிடம் உள்ள வலுவான கணினியில் ஒருமுறையும், அமைப்பில் உள்ள மிக எளிய கணினியில் ஒருமுறையும் செய்யுங்கள். இரண்டாவதை யாரும் செய்வதில்லை. எங்களை அந்த இரவில் காப்பாற்றியிருக்கக்கூடியது அந்த இரண்டாவது சோதனைதான். சோதனை முடிந்தபின், ஒவ்வொரு காப்பகத்திலிருந்தும் இரண்டு மூன்று கோப்புகளையாவது விரித்து, உரிய நிரலில் திறந்து, கண்ணால் பாருங்கள். சுருக்குவதற்கு முன்பே கெட்டிருந்த எக்செல் தாள் எல்லாச் சோதனைகளிலும் ‘சரி’ என்றே வரும்.

குறித்துவைத்தலும் மாற்றுதலும்

ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பத்தி போதும். அதை எளிய எழுத்துநடைக் கோப்பாக எழுதி, காப்பகத்திற்கு வெளியே, அதன் பக்கத்திலேயே வையுங்கள். என் குறிப்பேட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கும்: ‘உறுப்பினர் ஆவணங்கள் 2016. வடிவம் செவன்-ஜிப். முறை எல்இசட்எம்ஏ2, எண் 26, அகராதி 64 மெகாபைட். சாலிட் உண்டு, தொடர்கள் 4. மறையாக்கம் உண்டு, பெயர்களும் மறைவு. கடவுச்சொல் செயலாளரிடமும் பொருளாளரிடமும் மூடிய உறையில். விரித்த அளவு 3.1 ஜிகாபைட். அலுவலக மடிக்கணினியில் சோதித்தது, சரி.’ இதன்கீழ் ஷா-256 எண்ணும் சோதித்த தேதியும் நிரலின் பதிப்பும் வரும்.

சிக்கலான அமைப்பில் உள்ள கோப்புகளை உடனே திரும்பச் சுருக்கவேண்டும் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். திறக்கக்கூடிய, சோதனையில் தேறிய, குறிப்பு எழுதப்பட்ட கோப்பை அப்படியே விட்டுவைப்பதே பெரும்பாலும் நல்லது. திரும்பச் சுருக்கவேண்டியவை என்று நான் கருதுவன நான்கு வகை: எளிய கணினியில் திறக்காத அளவுக்குப் பெரிய அகராதி உள்ளவை, ஜிப்கிரிப்டோவில் தனிநபர் விவரம் உள்ளவை, டிஃப்ளேட்64 முறையில் உள்ளவை, ஒரே தொடரில் எல்லாவற்றையும் கோத்த பெருங்கோப்புகள். புதிதாகச் சுருக்கும்போது, படங்களையும் காணொளிகளையும் ‘ஸ்டோர்’ முறையில் ஜிப்பிலும், எழுத்து ஆவணங்களை டிஃப்ளேட் முறையில் ஜிப்பிலும், மறையாக்கம் வேண்டியவற்றைச் செவன்-ஜிப்பில் 16 அல்லது 32 மெகாபைட் அகராதியோடு பெயர்களையும் மறைத்தும் போடுவது என் வழக்கம். அகராதியை அதற்குமேல் கூட்டிக் கிடைக்கும் மிச்சம், இன்றைய டிஸ்க் விலையில் ஒரு வெள்ளிக்கும் பெறாது.

புதிய கோப்பை எளிய கணினியில் சோதித்து, அதற்கு இன்னொரு டிஸ்க்கில் இரண்டாம் நகல் எடுத்து, இரண்டின் ஷா-256 எண்ணும் ஒத்திருப்பதைப் பார்த்தபிறகே பழையதை நீக்குவதைப் பற்றி நினைக்கவேண்டும். கணக்கு ஆவணங்களாக இருந்தால், வணிகங்கள் தம் பதிவுகளைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும் என்ற உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் விதியையும் கருத்தில் கொண்டு, நீக்கும் முடிவைச் செயற்குழுவிடமோ முதலாளியிடமோ எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். நீக்கிய தேதியைக் குறிப்பேட்டில் அந்தக் கோப்பின் பதிவுக்குக் கீழேயே எழுதி, பக்கத்தை அச்சிட்டு டிஸ்க்கின் உறைக்குள் மடித்து வையுங்கள்.